மேட்டுக் கிணற்றின் முதல் குப்பி

வீட்டில் அவளுக்கு மண்ணாங்கட்டி என்று பெயர். படித்தது மண்ணைப் பற்றி, உத்தியோகம் மண்ணைத் துளைப்பது, சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது செருப்போடு சேர்ந்து வருவதும் மண். பெயரை வைத்தவன் அண்ணன். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டுப் பார்க்கட்டும், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அண்ணன் கூப்பிட்டால் மட்டும் பேசாமல் திரும்பிப் பார்ப்பாள்.

அண்ணன் டிரை கிளீனிங் கடை வைத்திருந்தான். முன்னால் கடை, பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு நீள மதில். மதிலுக்கு அந்தப் பக்கம், பெல்ட்டுக்குப் பக்கிள் செய்துகொண்டிருந்த ஒரு தொழிற்சாலை. அது மூடிப் பல வருஷமாகிறது. இப்போது ஒரு கம்பெனி அந்த இடத்தை வாங்கி வீடுகள் கட்டப் போகிறது. கட்டுவதற்கு முன்னால், அடியில் இருக்கும் மண்ணும் தண்ணீரும் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலை அவளுடைய அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து அவளுடைய மேஜைக்கு வந்தது.

அவள் மேலதிகாரியிடம் போய்ச் சொல்லத்தான் செய்தாள். "சார், மதிலுக்கு அந்தப் பக்கம் எங்க அண்ணன் கடை இருக்கு. வேற யாரையாவது அனுப்புங்களேன்."

"நாம பார்க்கப் போறது தொழிற்சாலையத்தானே? உங்க அண்ணன் கடையையா தோண்டப் போறோம்? போய் வேலையைப் பாரும்மா" என்றார் அவர். அத்தோடு பேச்சு முடிந்துவிட்டது.

இதில் வில்லங்கம் எங்கே இருந்தது என்றால், அந்தப் பக்கிள்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ ஒரு திரவம் பயன்படுத்தினார்கள். தண்ணீர் மாதிரிதான் இருக்கும், ஆனால் தண்ணீருக்கு மசியாத பிசுக்கெல்லாம் இதற்கு மசிந்துவிடும். டிரை கிளீனிங் மெஷினுக்குள் ஓடுவதும் அதே திரவம்தான். அண்ணன் கடையில் அதற்கு "மருந்து" என்று பெயர். மெஷினுக்குள் இருக்கும் வரை அது சமர்த்து. மண்ணுக்குள் இறங்கிவிட்டதோ, தொலைந்தது! நிலத்தடி நீருக்கும் கீழே போய் உட்கார்ந்துகொண்டு, பேரன் பேத்தி காலம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரை வருஷக்கணக்காகக் குடிப்பவர்களுக்கு ஈரலும் சிறுநீரகமும் பாழாகலாம்.

தொழிற்சாலை வளாகத்துக்குள் மெல்லிய குழாய்களை இறக்கிச் சோதனைக் கிணறுகள் போட்டிருந்தார்கள். அண்ணன் வீட்டு மதிலை ஒட்டின மூலையில் இருந்தது மேட்டுக் கிணறு. நடுவில் சில. கடைசியில், பள்ளத்தில் ஒன்று. நிலத்துக்கடியில் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். மேட்டுக் கிணறு சுத்தமாக இருந்து மற்றவற்றில் மருந்து இருந்தால், அழுக்கு தொழிற்சாலையுடையது. மேட்டுக் கிணற்றிலேயே மருந்து இருந்தால், அது மதிலுக்கு வெளியிலிருந்து வருகிறது என்று அர்த்தம். மதிலுக்கு வெளியே மருந்து வைத்திருப்பவன் அந்த வட்டாரத்திலேயே ஒரே ஒருவன்தான்.

தண்ணீர் எடுக்கும் நாளில் அவளிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். சென்ட் கூடாது, கிரீம் கூடாது, மார்க்கர் பேனா கூடாது, அன்று காலையில் வண்டிக்குப் பெட்ரோல் போடக் கூடாது. கடலில் ஒரு கரண்டி அளவுக்கு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற மெஷின் லேப்பில் இருக்கிறது. கையில் பூசின கிரீமையும் அது விடாது. அவளுடைய டிரைவர் ஒரு தடவை கல்யாண வீட்டிலிருந்து நேராக, சட்டை முழுக்க சென்ட் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். பாவம் மனிதர், நடுரோட்டில் இறக்கி விட்டுவிட்டு அவளே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து அவருக்கு "வாசனை" என்று பெயர் நிலைத்துவிட்டது. இத்தனை கெடுபிடிக்கு மேல் இன்னும் இரண்டு விதிகள் உண்டு. எப்போதும் சுத்தமான கிணற்றில் ஆரம்பித்து அழுக்கான கிணற்றில் முடிக்க வேண்டும். இது ஒன்று. இன்னொன்று பிளாங்க் குப்பி. லேப்பிலிருந்தே சுத்தமான தண்ணீரைக் கொண்டுபோய், கிணற்றடியில் திறந்து இன்னொரு குப்பியில் ஊற்றி மூடிக் கொண்டுவந்துவிடுவது. கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட அதில் படாது. அதிலும் மருந்து வந்தால், நாம்தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறோம். பிளாங்க் முடிவு வராமல் வாயைத் திறக்காதே என்று புதிதாக வருகிறவர்களிடம் அவள் படித்துப் படித்துச் சொல்வாள்.

அன்று காலை பல் கிட்டும் குளிர். போகிற வழியில் டீ குடிக்கலாம் என்று அண்ணன் வீட்டில் இறங்கினாள். அண்ணன் கடைக்குள் இருந்து ஒரு ஹேங்கரைத் தூக்கிக்கொண்டு வந்தான். பிளாஸ்டிக் உறைக்குள், அவள் சைட்டில் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் கோட்டு. போன வாரம் அங்கே கழற்றிப் போட்டுவிட்டு மறந்துபோனது.

"இதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துடுச்சு. டிரை கிளீனிங் கடைக்காரன் தங்கச்சி போடற கோட்டா இது? நேத்து ராத்திரி மெஷின்ல போட்டு எடுத்தேன்."

"அண்ணா, உனக்கு வேற வேலையே இல்லையா? சாயங்காலத்துக்குள்ள திரும்ப சேறாயிடும்."

"ஆகட்டும். போகும்போதாவது பளபளன்னு போ. பெரிய உத்தியோகம் பார்க்கிறவள்னு நாலு பேர் கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். என் மானத்தை வாங்காதே."

நாலு பேரா? தெருவில் பாக்கி இல்லை. துணி கொடுக்க வருகிறவர்கள் எல்லாரிடமும், "எங்க மண்ணாங்கட்டி ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தாள்னா அதோட ஜாதகத்தையே சொல்லிடுவா" என்று அளந்துவிடுவது அவன் வழக்கம். அண்ணி உள்ளேயிருந்து, "டீ ஆறுது, பெருமையடிச்சது போதும்" என்று சத்தம் போட்டாள். தங்கை உறையைக் கிழித்து, கோட்டை மாட்டிக்கொண்டு, கழுத்துவரைக்கும் ஜிப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். கதகதப்பாக இருந்தது. வெளியே வந்ததும் வாசனையின் சட்டைப் பக்கம் மூக்கை நீட்டி ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, சரி போகலாம் என்றாள்.

மேட்டுக் கிணற்றில்தான் ஆரம்பித்தாள். விரல் நீளக் குப்பிகள். காற்றுக்குமிழி ஒன்றுகூட நிற்காமல் விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். முழங்காலிட்டு, முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய், கையை அணைத்துப் பிடித்துக்கொண்டு நிரப்பினாள். பிளாங்க் குப்பியையும் அங்கேயே திறந்து ஊற்றினாள். அடுத்த கிணற்றுக்கு வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. கோட்டைக் கழற்றி கேட்டில் மாட்டிவிட்டு மற்றக் கிணறுகளை முடித்தாள். ஒரு குறையும் இல்லாத நாள் என்றுதான் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

சில நாள் கழித்து லேப்காரர் கூப்பிட்டார். பழைய சிநேகிதர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"பள்ளத்துல எக்கச்சக்கமா இருக்கும்மா. நடுவுலயும் இருக்கு. அது நீங்க எதிர்பார்த்ததுதான். ஆனா மேட்டுக் கிணத்துலயும் இருக்கே! கொஞ்சம்தான். ஆனா இருக்கு."

"பிளாங்க் என்ன சொல்லுது?"

"அதை அடுத்த வரிசையில போட்டிருந்தேன். அதுக்குள்ள மெஷின் மக்கர் பண்ணிடுச்சு. ஆள் வந்து பார்த்துட்டுப் போகணும். கொஞ்சம் பொறுங்க."

பொறுப்பதா? எப்படிப் பொறுப்பது? அண்ணன் வீட்டில் குடிப்பது பின்கட்டில் போர் போட்டு எடுக்கும் தண்ணீர். அண்ணன் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்துக்குப் பாட்டிலில் நிரப்பிக்கொண்டு போவதும் அதைத்தான். தெருவில் பாதி வீடுகளில் அதே கதைதான். மதியம் முழுக்க மேஜையில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிளாங்க் வரட்டும் என்று ஒரு மனசு சொல்லும். இந்த நேரம் அந்தப் பிள்ளைகள் அதைக் குடித்துக்கொண்டிருக்கும் என்று இன்னொரு மனசு சொல்லும். சாயங்காலம் எழுந்து நேரே கடைக்குப் போய்விட்டாள்.

அண்ணன் முதலில் சிரித்தான். "என் கடையா? போடி. பழைய மருந்தையெல்லாம் டிரம்ல போட்டு லாரிக்காரன் கிட்டத்தானே கொடுக்கறேன்? ஒரு சொட்டுக் கீழே விட்டதில்ல." சொல்லிக்கொண்டே போனவன் சட்டென்று நின்றான். மெஷினுக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்தான். "பழைய மெஷின் ஒரு தடவை ஒழுகிச்சு" என்றான். "இதை வாங்கறதுக்கு முன்னாடி. துணியால ஒத்தி எடுத்துட்டேன். தரையில அப்ப ஒரு வெடிப்பு இருந்துச்சு. பெயர்த்துட்டு சிமெண்ட் போட்டேன், ஆனா அது அப்புறம்தான்."

"அண்ணா, இன்னும் உறுதியாகலை. இன்னொரு முடிவு வரணும். அது வரைக்கும் நீங்க யாரும் அந்தத் தண்ணியைக் குடிக்காதீங்க. வெளியில மட்டும் மூச்சு விடாதே."

"சரி" என்றான் அண்ணன். அவன் கண் அந்தத் தரையை விட்டு நகரவில்லை.

சரி என்றானே தவிர, மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் தெருவில் இறங்கிவிட்டான். ஒரு வீடு விடவில்லை. கதவைத் தட்டி, "எங்க கடை மருந்து நிலத்துக்குள்ள இறங்கியிருக்கும் போலிருக்கு. என் தங்கச்சி பார்த்துச் சொன்னா. போர் தண்ணியைக் குடிக்காதீங்க. தப்பு என் மேலதான்" என்று சொல்லிக்கொண்டே போனான். தங்கை சொன்னாள் என்றதும் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வருஷக்கணக்காக அவளுடைய புகழைப் பாடிப் பாடி அவன்தானே அவர்களை நம்ப வைத்திருந்தான்!

அன்றே ஆட்கள் துணியைத் திரும்ப வாங்க வந்துவிட்டார்கள். துவைத்ததோ துவைக்காததோ, கொடுத்தால் போதும் என்று வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர் கண்டபடி திட்டினார்கள். அதையெல்லாம் அவன் தாங்கிக்கொண்டான். தாங்க முடியாமல் போனது தெருவின் கடைசி வீட்டில் தனியாக இருக்கிற டீச்சர் கேட்டதுதான். ரிட்டையர் ஆனவர். போன வருஷத்திலிருந்து சிறுநீரகம் சரியில்லாமல் ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்தார். எதனால் வந்தது என்று எந்த டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. அண்ணன் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு இதைப் பண்ணினது நீங்கதானா?" என்று கேட்டார். கத்தவில்லை. கேட்டுவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் அண்ணன் தினமும் விடிந்ததும் டவுனுக்குப் போய்த் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு வருவான். ஒன்று வீட்டுக்கு, ஒன்று டீச்சர் வாசலுக்கு. கேனை வைத்துவிட்டு, மணியை அடிக்காமல், தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவான்.

அண்ணி தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னாள். "நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லலை. சொல்லாம இருந்திருந்தா அதுதான் தப்பு. ஆனா அவர் தட்டு முன்னாடி உட்கார்றாரு, எழுந்துடறாரு. மெஷின் பக்கத்துல போய் நின்னு தரையையே பார்த்துட்டு இருக்காரு. எனக்கு பயமா இருக்கு."

இதற்கு நடுவில் இடத்தை வாங்கின கம்பெனியின் மேனேஜர் வேறு போன் போட்டார். குரலில் தேன் வடிந்தது. "உங்க அண்ணனே தெருத்தெருவா ஒத்துக்கிட்டாராமே, மேடம்! நல்ல மனுஷன். அப்ப இடத்தைச் சுத்தம் பண்ற பொறுப்பு அவரோடதுன்னு ஆகுது இல்லையா? ரிப்போர்ட்டை சீக்கிரம் கொடுத்துடுங்க." இடத்தைச் சுத்தம் பண்ணுவதா? அண்ணன் கடையை, வீட்டை, கட்டியிருக்கிற துணியை விற்றாலும் அதில் ஒரு மூலைக்குக் காணாது. அவள் போனை வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

லேப்காரர் மறுபடியும் கூப்பிட்டது அதற்கு மறுநாள்.

"பிளாங்க் முடிவு வந்துடுச்சும்மா. அதுலயும் அதே சரக்கு. மேட்டுக் கிணத்துல எவ்வளவோ கிட்டத்தட்ட அதே அளவு."

"உங்க லேப்ல ஏதாவது கலந்திருக்கும்" என்று எரிந்து விழுந்தாள்.

"நானும் அப்படித்தான் நினைச்சு இங்க இருந்த மத்தக் குப்பியெல்லாம் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். நீங்க பிளாங்க்கை எந்தக் கிணத்துல திறந்தீங்க?"

"மேட்டுக் கிணத்துல."

"அப்ப அங்க, காத்துல, உங்க பக்கத்துல ஏதோ இருந்திருக்கு."

முதல் சந்தேகம் யார் மேல்? வேறு யார் மேல், வாசனை மேல்தான்! வண்டி ஷெட்டுக்குப் போய் மனிதரைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"மேடம், அன்னைக்கு நான் சோப்புகூட போடலை. எங்க வீட்டுக்காரி பக்கத்துல வராதேன்னுட்டா! அதுவும் முதல் கிணத்துகிட்ட நான் வரவே இல்லையே? குளிருதுன்னு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். நீங்கதான் கோட்டைப் போட்டுக்கிட்டு தனியா போனீங்க."

அவ்வளவுதான். மெஷினில் போட்டு எடுத்த துணியில் மருந்து ஒரேயடியாகப் போய்விடாது. ஒரு நாள் இரண்டு நாள் ஆவியாக வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் புதிதாக டிரை கிளீனிங் செய்த துணியை உடுத்திக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போகாதே என்று விதி இருக்கிறது. அவளே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்த விதி. அந்த மருந்து வாசனை அவள் மூக்குக்கு ஏன் எட்டவில்லை என்று கேட்டால், அண்ணன் வீடு முழுக்க அதே வாசனைதான். அந்தக் கடைக்குப் பின்னாலேயே வளர்ந்தவளுக்கு அது வீட்டு வாசனை. உறையைக் கிழித்த கையோடு போட்டுக்கொண்டு, குளிருக்கு ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிக்கொண்டு, குப்பியைக் கிட்டத்தட்ட மார்போடு அணைத்து நிரப்பியிருக்கிறாள். அடுத்த கிணற்றுக்கு முன்னால் கழற்றிவிட்டாள். அதனால் வேறெங்கும் தெரியவில்லை. சுத்தமானதில் ஆரம்பிக்க வேண்டும் என்ற விதியைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காப்பாற்றினாளே, அதனால்தான் சரியாக அந்தக் கிணறே மாட்டிக்கொண்டது.

மேலதிகாரியிடம் ஒளிக்காமல் சொன்னாள். அவர் நீளமாக மூச்சு விட்டார். மேனேஜருக்குத் தெரிந்ததும் தேன் காய்ந்துவிட்டது. "அண்ணன் மாட்டினதும் கோட்டுக் கதையா? நாங்க என்ன காதுல பூ வெச்சிருக்கோமா?" என்று குதித்தார். அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் அவளும் அப்படித்தான் கேட்டிருப்பாள். அதனால் வேறொரு நிறுவனத்து ஆட்களை வரவழைத்து, மேனேஜர் கண் முன்னாலேயே தண்ணீரை மறுபடி எடுப்பது என்று முடிவாயிற்று. அவள் வளாகத்துக்குள் காலடி வைக்கக் கூடாது. வைக்கவும் இல்லை.

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அடுக்களையில் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தன் தப்பு என்றாள். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடையைப் பற்றிக் கேட்பான், மேனேஜரைப் பற்றிக் கேட்பான் என்று எதிர்பார்த்தாள்.

"அப்ப டீச்சருக்கு நான் ஒண்ணும் பண்ணலையா?" என்றான். குரல் உடைந்துவிட்டது.

பண்ணவில்லை என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டாள். "தெரியாது அண்ணா. நான் எடுத்தது செல்லாதுன்னுதான் சொல்ல முடியும். அந்தத் தண்ணி சுத்தம்னு சொல்ல முடியாது. திரும்ப எடுக்கறாங்க. வரட்டும்."

அண்ணன் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான். அண்ணிக்குத்தான் பொறுக்கவில்லை. "இதையாவது போய் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வாங்களேன்! உங்களை வாய்க்கு வந்தபடி பேசறாங்க. நம்ம பசங்களோட விளையாடக்கூட யாரும் வர்றதில்ல."

"சொல்லிட்டு, டீச்சர் அந்தத் தண்ணியைக் குடிச்சு, அதுல நிஜமாவே இருந்துட்டா?" என்றான் அண்ணன்.

"கெட்டதுன்னா ஓடிப் போய்ச் சொல்வீங்க, நல்லதுன்னா பெட்டியில வெச்சுப் பூட்டுவீங்க. உங்களைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு இருக்கே!" அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நாத்தனார் பக்கம் திரும்பினாள். "நீயும் கேட்டுக்கோ. இனிமே உன் துணியை நீயே குழாயடியில துவைச்சுக்கோ. இந்த வீட்டுப் பக்கம் கொண்டு வராதே." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் யாரும் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. மறுநாள் விடிந்ததும் அண்ணன் வழக்கம்போல் டீச்சர் வாசலில் கேனை வைத்துவிட்டு வந்தான்.

முடிவு வந்தது. மேட்டுக் கிணறு சுத்தம். பிளாங்க்கும் சுத்தம். தெருவில் இருந்த போர்க் கிணறுகளிலும் எடுத்துப் பார்த்திருந்தார்கள், அவையும் சுத்தம். லேப்காரர் தன் பங்குக்கு அந்தக் கோட்டு மாதிரியே ஒரு துணியை மெஷினில் போட்டு எடுக்கச் சொல்லி, பெட்டிக்குள் சுத்தமான தண்ணீரோடு வைத்து மூடிப் பார்த்து, தண்ணீருக்குள் மருந்து வந்ததையும் எழுதி அனுப்பிவிட்டார். நடுவிலும் பள்ளத்திலும் இருந்தது தொழிற்சாலை மண்ணிலிருந்து இறங்கினது. இடத்தை வாங்கினவர்கள்தான் தோண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். மேனேஜர் அதன்பிறகு அவளுக்குப் போன் செய்யவில்லை.

தெருவுக்கு யார் சொல்வது? அண்ணன் வர மாட்டேன் என்றுவிட்டான். "நான் போய் நான் சுத்தம்னு சொன்னா நல்லாவா இருக்கும்? நீ போ."

அவள் போனாள். ஒவ்வொரு கதவாகத் தட்டி, தன் பெயரைச் சொல்லி, தான் செய்த தப்பைச் சொன்னாள். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி இருவரும் வாய் விட்டுச் சிரித்தார்கள். "அண்ணனுக்கு ஒண்ணுன்னா தங்கச்சி விடுவாளா?" என்று ஒருவர் கண்ணடித்தார். வேறு நிறுவனம் எடுத்தது என்று சொல்லியும் அவர் நம்பினதாகத் தெரியவில்லை. ஒரு அம்மாள், "உன் அண்ணன் உன்னைப் பத்தி என்னென்னவோ சொல்வாரே!" என்றாள். அதற்கு அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். மெலிந்துபோய், ஸ்வெட்டருக்குள் தோள் எலும்பு தெரிய உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அப்ப எனக்கு இது எதனால வந்துச்சு?"

"எனக்குத் தெரியாதும்மா. தண்ணியால இல்ல. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரு வருஷமா ஏன் எனக்கு, ஏன் எனக்குன்னு கேட்டுட்டு இருந்தேன். உங்க அண்ணன் வந்து சொன்னப்ப, கோபப்பட ஒரு ஆளாவது கிடைச்சாரேன்னு இருந்துச்சு. ராத்திரி எல்லாம் அவரைத் திட்டிட்டுத் தூங்குவேன். இப்ப நீ வந்து அதையும் எடுத்துட்டுப் போறே." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "போய் அவர்கிட்ட சொல்லு, நான் கேட்டது மனசுல வெச்சுக்க வேண்டாம்னு. நானே வந்து சொல்லணும். நடக்க முடிஞ்சா வர்றேன்."

கடைக்குத் திரும்பியபோது ஷட்டர் பாதி திறந்திருந்தது. அண்ணன் பலகையில் ஒரு சட்டையை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். யாருடையதும் இல்லை, அவனுடையதேதான். கை சும்மா இருக்க மாட்டேன் என்றிருக்கும். ஸ்டாண்டுகளில் ஹேங்கர்கள் எல்லாம் காலியாகத் தொங்கின. அவள் டீச்சர் சொன்னதைச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் அந்தச் சட்டையின் காலரையே தேய்த்துக்கொண்டிருந்தான்.

"துணி யாராவது கொண்டு வந்தாங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல. வருவாங்க. வராமலும் போகலாம்."

"பிளாங்க் வர்ற வரைக்கும் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது அண்ணா. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துட்டு, உன் விஷயத்துல அவசரப்பட்டு உன் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டேன். சத்தியமா இனிமே முழுசா வராம யார்கிட்டயும் எதையும் சொல்ல மாட்டேன்."

அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "குடிக்கிற தண்ணியாச்சே" என்றான். "சந்தேகம் வந்தப்புறமும் நீ பேசாம இருந்திருந்தா, அத்தனை நாளும் டீச்சர் அதைக் குடிச்சிருப்பாங்க. என் பசங்க குடிச்சிருப்பாங்க. கடைசியில சுத்தம்னு வந்தது நம்ம நல்ல நேரம். வராம இருந்திருந்தா நான் உன் முகத்துல முழிச்சிருப்பேனா? கோட்டைப் போட்டுக்கிட்டுப் போனியே, அதுக்கு வேணா மண்டையில நாலு குட்டு குட்டறேன். சொன்னதுக்கு அழாதே. நாளைக்கே திரும்ப சந்தேகம் வந்தா வந்து சொல்லு. நான் திரும்பவும் வீடு வீடாப் போவேன்."

"அப்ப கடை நிஜமாவே போயிடும் அண்ணா."

"போகும்" என்றான் அண்ணன். சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை மறுபடியும் கையில் எடுத்தான். அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது.